இடி வாங்கிய ரிசீவர்

என் கொழுந்தனுக்கு இடி என்று பேர் வைத்தவர்கள் தெருப் பிள்ளைகள். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது ரேஷன் அட்டையில் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை.

தகர மூடி செய்கிற கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன் அவன். பெயின்ட் டப்பா, எண்ணெய் டின், ஷூ பாலிஷ் டப்பா எல்லாவற்றுக்கும் அங்கேதான் மூடி. மெஷின் மேலேயிருந்து இறங்கி ஒரு குத்து குத்தும், ஒரு மூடி விழும். நாளெல்லாம் அந்தக் குத்துதான். அதற்குள்ளேயே நின்று கத்திப் பேசிப் பழகியவன் வீட்டில் வந்து தண்ணீர் கேட்டால், அடுத்த தெருவில் யாராவது டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள்.

நாங்கள் இருப்பது ஒரே கட்டிடத்தில். கீழே முன்பக்கம் அவனும் அவன் பெண்சாதியும். அவள் எனக்கு ஓரகத்தி. சின்னவள் என்றுதான் கூப்பிடுவேன். பின்பக்கம் நானும் என் வீட்டுக்காரரும். அவர் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கிற நாள் குறைவு. மாடியில் ரொட்டிக்காரர் குடும்பம். பேக்கரியில் மாவு பிசைகிற வேலை அவருக்கு. ஊர் தூங்கப் போகும்போது அவர் வேலைக்குக் கிளம்புவார். பகலில் மாடி வெயில் தூங்க விடாது, ஆகையால் சாயங்காலத்தில்தான் அவர் படுக்க முடியும். சாயங்காலத்தில்தான் இடி டிவி போடுவான்.

சண்டை எங்கிருந்து வந்தது என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

ரொட்டிக்காரரிடம் ஒரு கம்பு உண்டு. ஒட்டடை அடிக்கிற கம்பு. கீழே டிவி சத்தம் ஏறினால் அதன் அடிப்பக்கத்தால் தரையில் இடிப்பார். எங்கள் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். இடி நிமிர்ந்து பார்த்து, "இடி, இடி, உன் வீட்டுத் தரைதான் உடையும்" என்று கத்துவான். மேலேயிருந்து பதில் வரும். அந்தப் பதில்களை நான் எழுத மாட்டேன்.

ஒரு நாள் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிற வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டிலிருந்து வந்தார். வாசலிலேயே நின்றார், செருப்பைக் கழற்றவில்லை. செருப்போடு நின்றால் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"உங்க டிவி என் அடுப்படி வரைக்கும் பேசுது. மேல இருக்கறவரு நேத்து அழாத குறையாச் சொல்லிட்டுப் போனாரு. இனி ஒரு தடவை அவரு வாயிலேர்ந்து புகார் வரட்டும், உங்க சாமானைத் தெருவுல பார்ப்பீங்க."

"சாமான்ல கைய வெச்சுப் பாருங்க" என்றான் இடி.

சின்னவள் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க போங்கம்மா, நான் பார்த்துக்கறேன். இவருக்குத் திமிரு. சத்தமா வெச்சாத்தான் ஆம்பளைன்னு நெனப்பு."

அவள் சொன்னது அவனுக்குத் தெரியாது. அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றல்லவா சொன்னாள்.

அது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. கொஞ்ச நாள் முன்னால் குழாயடியில் அவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன், கல்லாக நின்றான். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினான். அதன் பிறகு நான் மெதுவாகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் சரியாகப் பதில் சொன்னான். சொல்லும்போதெல்லாம் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தான்.

"காது கேக்கலையா தம்பி?" என்று கேட்டேன்.

அவன் முகம் கறுத்துவிட்டது. பிரஸ் ஓடுகிற இடத்தில் யாருமே காதால் கேட்பதில்லையாம். உதட்டைப் பார்த்தும் கையை ஆட்டியும்தான் வேலை நடக்குமாம். அதனால் எப்போது கேட்டது, எப்போது நின்றது என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் மெஷினை விட்டு இறக்கி, மூடி அடுக்குகிற வேலைக்குப் போடுவார்கள். சின்னவளுக்குத் தெரிந்தால் அவள் அழுவாள், அழுதால் தெருவுக்குத் தெரியும், தெரு என்றால் கம்பெனிதான்.

"அண்ணி, ஆண்டவன் மேல சத்தியம் பண்ணுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு."

பண்ணினேன். ஆண்டவன் பேரைச் சொல்லிவிட்ட பிறகு நாக்கை மடக்கிக்கொள்ளத்தானே வேண்டும்.

ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் வாயை மூடிக்கொண்டு பார்ப்பது லேசாக இல்லை. சின்னவள் அடுப்படியிலிருந்து ஏதாவது கேட்பாள். பதில் வராது. "கேக்கறேன்ல, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று வெளியே வருவாள். அவன் நிமிர்ந்து அவள் கோபத்தை மட்டும் பார்ப்பான். எதற்கென்று தெரியாமல் அவனுக்கும் கோபம் வரும். "முணுமுணுன்னு எனக்குப் பின்னாடி என்ன பேச்சு உனக்கு?" என்பான். அவள், அவன் தன்னை மதிப்பதில்லை என்று நினைத்தாள். அவன், அவள் வேண்டுமென்றே வாய்க்குள் பேசுகிறாள் என்று நம்ப ஆரம்பித்திருந்தான். காது போனது போதாதென்று மனசும் போய்க்கொண்டிருந்தது.

ஒரே ஒரு நேரத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் சமாதானம். சாயங்காலம் பழைய படம் ஒன்று போட்டுக்கொண்டு சோபாவில் இரண்டு பேரும் உட்காருவார்கள். கல்யாணமான நாளிலிருந்து உள்ள பழக்கம். சண்டை நடந்த நாளிலும் உட்காருவார்கள், நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு. அதற்குத்தான் அந்தச் சத்தம். வீட்டுக்காரம்மா சொன்னபடி சத்தத்தைக் குறைத்தால் அவனுக்கு வாயசைப்புதான் மிஞ்சும். குறைக்காவிட்டால் வீடு போகும்.

இந்த நிலைமையில்தான் அவன் அந்த ஞாயிற்றுக்கிழமை, சோற்றில் கையை வைத்துக்கொண்டே சொன்னான்: "ஹோம் தியேட்டர் வாங்கப் போறேன்."

சின்னவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அப்போது அவள் தம்பியும் அங்கே இருந்தான். வயரிங் வேலைக்காரன். ஃபியூஸ் என்று பேர், கை வைத்த இடத்தில் எல்லாம் அது போய்விடும் என்பதால். அவன் மட்டும் சந்தோஷப்பட்டான்.

"மாமா, சொல்லவே இல்ல! என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஆம்ப்ளிஃபயர் விக்கறான். பாஸ் போட்டா, அந்தக் கனத்த சத்தத்துல நெஞ்சு அதிரும்."

"முதல்ல உன் அக்கா நெஞ்சு அதிருது, அதைப் பாரு" என்றாள் சின்னவள். "வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டுப் போயிருக்காங்க. இவரு பெட்டி வாங்கப் போறாராம். வாஷிங் மெஷினுக்குன்னு சேர்த்த காசுதானே அது? என் கை தேய்ஞ்சு போகுது, இவருக்கு நெஞ்சு அதிரணுமாம். அக்கா, நீங்களாவது கேளுங்க."

நான் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க எப்படிக் கேப்பாங்க? கொழுந்தன்னா உசிரு" என்றாள் சின்னவள்.

"காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் பாருங்களேன் மாமா, செலவு மிச்சம்" என்றான் ஃபியூஸ்.

இடி அவனை முறைத்தான். "ஹெட்போனை நான் மாட்டிக்கிட்டா உன் அக்கா என்னத்தைக் கேப்பா?"

அதைக் கேட்டுச் சின்னவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பாத்திரங்களைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவினாள்.

எனக்கு மட்டும் அவன் மாடிப்படிக்கடியில் நின்று விளக்கினான். கம்பெனியில் அச்சு பொருத்துகிற ஃபிட்டர் ஒருவர் வீட்டில் ரிசீவர் வைத்திருக்கிறாராம். டிவிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கிற பெட்டி அது. வருகிற சத்தத்தைப் பிரித்து எது எந்த ஸ்பீக்கருக்கு என்று அனுப்புமாம். ஆட்கள் பேசுகிற பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். பாட்டு, வெடி, வண்டிச் சத்தம் எல்லாம் பக்கத்து ஸ்பீக்கர்களுக்கு. நடுவில் இருப்பதை மட்டும் தனியாக ஏற்றிவிட்டு மொத்தச் சத்தத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

"டிவியில எல்லாம் ஒண்ணா ஏறும், ஒண்ணா இறங்கும் அண்ணி. பேச்சு கேக்கணும்னு ஏத்தினா, வெடி மேல வீட்டுக்குப் போயிடுது. இதுல பேச்சு மட்டும் எனக்கு. மத்தது யாருக்கும் வேணாம்."

"இதைச் சின்னவகிட்டச் சொல்லேன்பா."

"பேச்சு ஏன் கேக்கலைன்னு அடுத்து கேப்பா."

என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கின பாட்டுப் பெட்டி ஒன்று செத்துப்போய், அதன் இரண்டு மர ஸ்பீக்கர்கள் மட்டும் எங்கள் கட்டிலுக்கடியில் இருந்தன. அவற்றை எடுத்துக்கொள் என்றேன். பக்கத்துக்கு இரண்டு ஆயிற்று. இனி ரிசீவரும் நடு ஸ்பீக்கரும் வாங்கினால் போதும். அவன் கையில் இருந்த காசும் அவ்வளவுக்குத்தான் வரும்.

கடைக்கு நான்கு பேரும் போனோம். சின்னவள் காசைக் காப்பாற்ற வந்தாள், ஃபியூஸ் புத்தி சொல்ல வந்தான், நான் சண்டை விலக்க வந்தேன். இடி ஒரு மர ஸ்பீக்கரைச் சாக்குப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். எந்தப் பெட்டிக்கு அது ஒத்துவரும் என்று காட்டிக் கேட்க வேண்டுமாம்.

கடை முழுக்க ஜில்லென்று இருந்தது. சேல்ஸ்மேன் சாக்குப் பையைப் பார்த்தார், எங்கள் செருப்பைப் பார்த்தார், பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார்.

"இதை எந்தப் பரண்லேர்ந்து இறக்கினீங்க?"

"அது எங்க வீட்டுப் பரண். உனக்கு என்ன?" என்றான் இடி. கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

சேல்ஸ்மேன் எங்களை நேரே ஒரு பெரிய செட்டுக்கு முன்னால் கொண்டு நிறுத்தினார். ஆள் உயரத்துக்கு நான்கு தூண், கீழே பீப்பாய் மாதிரி பாஸ் பெட்டி, மேலே ஆயிரம் வாட் என்று ஸ்டிக்கர். போட்டுக் காட்டினார். என் பற்கள் ஆடின. ஃபியூஸ் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். ஆண்டவனே, மாடியில் இருக்கிறவர் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

"நிறுத்து" என்றான் இடி. "இதுல நடுவுல இருக்கறதை மட்டும் தனியா ஏத்த முடியுமா?"

"இது மொத்தமா ஒரே செட் சார். தனியா எதுக்கு?"

"முடியுமா, முடியாதா?"

"முடியாது."

"அப்ப அடுத்தது."

அடுத்தது நீளமாக ஒரு கட்டை மாதிரி இருந்தது. சவுண்ட்பாராம். விலை தோதாக இருந்தது. "இதை எடுங்க, இடமும் அடைக்காது" என்று சின்னவள் முதல் முறையாகப் பேசினாள். அவன் அதிலும் நடுவைத்தான் கேட்டான். அந்த விலையில் இல்லை, அதற்கு மேல் விலை போனால் உண்டு என்றார் சேல்ஸ்மேன். பிறகு ரிசீவர்கள் இருந்த அலமாரிக்குப் போனோம். முதலில் ஏழு ஸ்பீக்கருக்கானது. அதன் விலைச் சீட்டைப் பார்த்துச் சின்னவள் சத்தமாகவே சிரித்தாள்.

சேல்ஸ்மேன் எங்களுக்கு முதுகைக் காட்டி அலமாரியைத் துழாவிக்கொண்டே, "உங்க பட்ஜெட் எவ்வளவு சார்?" என்று கேட்டார். இடி பதில் சொல்லவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். இவன் அசையவில்லை. அவர் திரும்பி, "கேக்கறேன்ல சார், சொல்றதுக்கு என்ன? வாங்க வந்தீங்களா, ஏசி காத்து வாங்க வந்தீங்களா?" என்றார்.

இடி அந்தக் கடைசி வார்த்தைகளை மட்டும் பார்த்தான். சாக்குப் பையை என் கையில் கொடுத்தான். நான் அவசரமாக நடுவில் நுழைந்து, இருக்கிற காசைச் சொல்லி, "ஐயா, அஞ்சு ஸ்பீக்கருக்கு உள்ளது ஏதாவது இருந்தாக் காட்டுங்க" என்றேன்.

இருந்தது. காட்சிக்கு வைத்திருந்த பெட்டி, ஓரத்தில் ஒரு கீறல், அட்டைப் பெட்டி கிழிந்திருந்தது. அதனால் விலை இறங்கியிருந்தது. கேரன்டி உண்டு. டிவியிலிருந்து ஒரே ஒயரில் சத்தம் வந்துவிடும். நடு ஸ்பீக்கரைத் தனியாக ஏற்றலாம், இறக்கலாம். இன்னொரு பொத்தான் உண்டு, அதை அமுக்கினால் பெரிய சத்தமெல்லாம் தலையைக் குனிந்துகொள்ளும். ஐந்துக்கு மூன்று ஸ்பீக்கர் மாட்டினாலும் ஓடும். எங்கள் மர ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்து ஃபியூஸும் சேல்ஸ்மேனும் ஒத்துவரும் என்றார்கள். அன்றைக்கு ஃபியூஸ் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

இடி கிழிந்த அட்டைக்குள் கையை விட்டுத் தேடினான். "மைக்கு எங்க?"

"மைக்கா? பாட்டுப் பாடவா சார்?" என்று சிரித்தார் சேல்ஸ்மேன்.

"இதோட ஒரு சின்ன மைக்கு வரும். அது இல்லாம எனக்கு இது வேணாம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், தூசி படிந்த ஒரு மைக்கைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். தாயக்கட்டை அளவுதான் இருந்தது, பின்னால் நீள ஒயர். ரிசீவருக்கும் ஒரு நடு ஸ்பீக்கருக்கும் பில் போடும்போது சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாஷிங் மெஷின் வரிசை அந்தப் பக்கம்தான் இருந்தது.

வீடு வந்து சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவன் கேட்கவில்லை. நடு ஸ்பீக்கரை டிவிக்குக் கீழே வைத்தான், மர ஸ்பீக்கர்களை இரண்டு பக்கமும் ஸ்டூல் மேல் ஏற்றினான். ஃபியூஸ் ஒயர் முனையைப் பல்லால் உரித்தான். சிவப்பைக் கறுப்பில் சொருகி ஒரு தடவை ஏச்சு வாங்கினான்.

"ஆச்சு மாமா. படத்தைப் போடுங்க."

"அளக்காம எப்படிப் போடுறது?"

அந்த மைக் அதற்குத்தானாம். உட்கார்ந்து கேட்கிறவன் தலை இருக்கும் இடத்தில் அதை வைக்க வேண்டும். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு சத்தம் விடும். மைக் அதைக் கேட்டு, எது எவ்வளவு தூரம், எது எவ்வளவு உரக்க என்று பெட்டிக்குச் சொல்லும். அதுவரை அறையில் ஊசி விழக்கூடாது.

"அதெல்லாம் வெட்டி வேலை மாமா. யாரும் செய்யறதில்ல."

"அச்சு செட் பண்ணாம மெஷினை ஓட்டுறவன் நான் இல்லடா. எத்தனை விரல் போயிருக்கு தெரியுமா, உன்னை மாதிரி ஆளுங்க பேச்சைக் கேட்டு?"

சோபாவில் அவன் உட்காருகிற இடத்தில் தலையணைகளை அடுக்கி, மேலே மைக்கை வைத்தான். நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் நின்றோம். மின்விசிறியை நிறுத்தினான். பொத்தானை அமுக்கினான்.

இடது பக்க ஸ்பீக்கர் சீறியது. அதிலிருந்து 'உஷ்ஷ்ஷ்' என்று ஒரு சத்தம், குக்கர் ஆவி விடுகிற மாதிரி, ஆனால் பத்து குக்கர். அடுத்து நடு ஸ்பீக்கர்.

கூரையில் இடி விழுந்தது. கம்பு.

டிவியில் எழுத்து வந்தது. அறையில் சத்தம் அதிகமாக இருக்கிறது, மறுபடி முயலவும் என்று ஃபியூஸ் படித்துச் சொன்னான்.

மறுபடி அமுக்கினான். பெட்டி சீறியது. மேலே கம்பு இடித்தது. மறுபடி முயலவும். மறுபடி சீறியது, மறுபடி இடித்தது. இந்தப் பெட்டிக்கு மௌனம் வேண்டும், அந்த மனிதருக்கும் மௌனம் வேண்டும், ஒருவர் வாயை மூடாமல் மற்றவர் மூடுவதாக இல்லை. ஃபியூஸ் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். சுண்ணாம்பு உதிர்ந்து புதுப் பெட்டியின் மேல் விழுந்தது.

"யோவ்! சினிமாக் கொட்டாய் வெச்சிருக்கியா கீழ? இரு, வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வர்றேன்!" மேலேயிருந்து வந்த குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது, அவனைத் தவிர.

"போச்சு" என்றாள் சின்னவள். "வீடும் போச்சு, வாஷிங் மெஷினும் போச்சு. நல்லா அளங்க."

இடி எழுந்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படியேறினான். கொலை விழுந்துவிடும் என்று நான் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் சின்னவள் வந்தாள், பாதிப்படியில் நின்றுகொண்டாள்.

ரொட்டிக்காரர் கதவைத் திறந்தபோது கையில் கம்பு இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. பனியனில் மாவு.

"தூங்கறவனை எழுப்பறதுக்குன்னே பெட்டி வாங்கிட்டு வந்தியா?"

"கொஞ்ச நேரம் அந்தக் கம்பைக் கீழ வை. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"நான் கம்பைக் கீழ வெக்கணுமா? ரொம்ப நல்லாருக்குய்யா உன் நியாயம்!" அவர் உள்ளே திரும்பி, பெண்சாதியிடம், "பார்த்தியா, இவனுக்குச் சத்தம் போடறதுக்கு நான் ஒத்தாசை பண்ணணுமாம். நான் மாவு பிசைஞ்சுக்கிட்டே தூங்கி மெஷின்ல விழுந்து சாகணும், இவன் படம் பாக்கணும்" என்றார். முதுகு எங்கள் பக்கம்.

இடி சும்மா நின்றான்.

"நிக்கறான் பாரு, உப்பு மூட்டை மாதிரி! பதில் சொல்றானா பாரு, திமிரு பிடிச்சவன்."

"இந்தப் பக்கம் திரும்பிப் பேசு" என்றான் இடி.

ரொட்டிக்காரர் திரும்பினார். "ஏன், என் மூஞ்சி அவ்ளோ அழகா இருக்கா?"

"நீ திரும்பினாத்தான் என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியும். காது கேக்கலய்யா. வாயைப் பார்த்துத்தான் பேசறேன்."

அவன் அதை மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தான். அவனுடைய மெதுவு தெரு முனை வரை போகும். நான் திரும்பிப் பார்த்தேன். பாதிப்படியில் நின்ற சின்னவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், என் முகத்தில் ஆச்சரியம் இல்லாததைக் கண்டுகொண்டாள். பிறகு கீழே இறங்கிப் போனாள்.

ரொட்டிக்காரர் இரக்கப்பட்டார் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் இரக்கப்படவில்லை.

"காது கேக்காதவனுக்கு டிவி எதுக்கு? சுவத்தைப் பாரு."

"பேச்சை மட்டும் ஏத்தி, மத்ததை இறக்கத்தான் இந்தப் பெட்டி. அதை அளந்து முடிக்கணும். நீ இடிச்சா அது முடியாது. முடிஞ்சா உனக்குச் சத்தம் வராது."

"வந்தா?"

"வந்தா நானே வீட்டுக்காரம்மாகிட்டப் போய்ச் சாவியைக் குடுத்துடறேன்."

ரொட்டிக்காரர் யோசித்தார். "நான் கீழ வருவேன். நீ ஏமாத்தறியான்னு பார்ப்பேன். கம்பும் வரும்."

"கம்பை மடியில வெச்சுக்க, எனக்கென்ன."

அப்படியே வந்தார். எங்களோடு சுவரோரம் நின்றார், கம்பை நட்டுப் பிடித்துக்கொண்டு. பெட்டி ஒவ்வொரு தடவை சீறும்போதும் அவர் கை கம்பை உயர்த்தும், தானாகவே கீழே இறக்கும். வாய் மட்டும் சத்தமில்லாமல் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. இடி அதைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டான். சத்தமில்லாமல் திட்டினாலும் அவனுக்கு மட்டும் கேட்டுவிடுமே. நான் கண்ணை மூடி ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். சின்னவள் அடுப்படி வாசலில் முதுகைக் காட்டி நின்றாள்.

அளவு முடிந்தது என்று டிவியில் வந்தது. ரொட்டிக்காரர், "இனி மேல போய்ப் படுப்பேன். காதைத் தரையில வெச்சுப் படுப்பேன். கேட்டுச்சுன்னா ஒரே இடி, அவ்ளோதான், சாவியை எடுத்துக்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். வாசலில் தடுக்கி எங்கள் செருப்பைத் திட்டிவிட்டுத்தான் போனார்.

இடி ஒரு பழைய படத்தைப் போட்டான். மொத்தச் சத்தத்தை இறக்கினான். நடு ஸ்பீக்கரை மட்டும் ஏற்றினான். அந்தக் குனிய வைக்கிற பொத்தானையும் அமுக்கினான். படத்தில் ஒரு அப்பாவும் மகனும் பேசிக்கொண்டிருந்தார்கள். இடி கண்ணை மூடினான். உதட்டைப் பார்க்காமல் கேட்டுப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது. இன்னும் ஒரு படி ஏற்றினான். இன்னும் ஒன்று. பிறகு கண்ணை மூடியபடியே, அந்த மகன் சொன்னதைத் தானும் ஒரு தடவை சொன்னான்.

மேலே சத்தமில்லை. கூரையைப் பார்த்தோம். கம்பு இடிக்கவில்லை. படத்தில் வண்டி ஒன்று மோதியது, பக்கத்து ஸ்பீக்கர்கள் இருமின மாதிரி ஒரு சத்தம் போட்டு அடங்கின. அப்போதும் இடிக்கவில்லை.

"மாமா, ஜெயிச்சுட்டீங்க!" என்றான் ஃபியூஸ்.

அப்போதுதான் சின்னவள் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஜெயிச்சாரா? யாரை ஜெயிச்சாரு? ரெண்டு வருஷமா நான் செவுத்தோட பேசிக்கிட்டு இருந்திருக்கேன்! சாப்பிட வாங்கன்னு கத்தினா திமிரு, உடம்பு முடியலன்னு சொன்னா திமிரு! எனக்குப் பைத்தியம் பிடிக்கறதை வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தீங்களா? ரொட்டிக்காரன்கிட்டச் சொல்லத் தெரியுது, எங்கிட்டச் சொல்ல வாய் வரல? நீங்களும்தான் அக்கா! தெரிஞ்சுக்கிட்டே எங்கூட உட்கார்ந்து சாப்பிட்டீங்கல்ல? நல்லா இருப்பீங்க!"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சத்தியம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை வீசி நிறுத்தினாள். அவள் குரல் ஏறிக்கொண்டே போனது.

கூரையில் கம்பு இடித்தது. ஒரே இடி. சுண்ணாம்பு விழுந்தது.

இடிக்கு அது கேட்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்த்தான், ரிசீவரைப் பார்த்தான். பாவம், முகம் வெளுத்துவிட்டது. சாவி மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தான்.

"படமில்ல மாமா, அக்கா" என்று ஃபியூஸ் அவன் முகத்துக்கு நேராக வந்து, கையால் காட்டிச் சொன்னான்.

மேலேயிருந்து குரல் வந்தது. "அந்தப் பொட்டி பரவால்ல! அந்தம்மாவைக் குறை!"

ஃபியூஸ் அதையும் சொன்னான். இடி சிரிக்கவில்லை. சோபாவின் நடுவிலிருந்த தலையணையை எடுத்துத் தரையில் போட்டான். சின்னவளைப் பார்த்து, "திட்டறதா இருந்தா இங்க உக்காந்து, இந்தப் பக்கம் திரும்பித் திட்டு. பின்னாடி நின்னு திட்டினா எனக்கு ஒண்ணும் வந்து சேராது" என்றான்.

ஃபியூஸை நான் வெளியே தள்ளிக்கொண்டு போனேன். வாசலில் திரும்பிப் பார்த்தபோது அவள் சோபாவின் ஓரத்தில், படத்துக்குப் பக்கவாட்டில், அவனுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். குரலே இல்லாமல் திட்டிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, விரல் அவன் மூக்குக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. அவன் அவள் வாயையே பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். நடு ஸ்பீக்கரில் அந்த அப்பாவும் மகனும் யாருக்காகவோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

என்னோடு அவள் இன்னும் முழுசாகப் பேச ஆரம்பிக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பார்த்தால் குடத்தை மட்டும் நகர்த்தி இடம் விடுகிறாள்.